மன்றோ தீவுக்கு மோட்டார் படகு எதற்கு?
கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மன்றோ தீவுக்கு நண்பர்களோடு போனால் பெரிய மோட்டார் படகு எடுப்பதுதான் லாபம் என்று இந்தக் கட்டுரையில் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து கூட்டாளிகளோடு அடிக்கடி போய்வருகிறவன் நான், இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. தீவை ஒட்டிய அஷ்டமுடிக் காயலைச் சுற்ற மோட்டார் படகு சரி. ஆனால் தீவின் அழகே வீடுகளுக்கு நடுவே ஓடும் குறுகிய வாய்க்கால்களில்தான் இருக்கிறது. அதற்குள் கழி ஊன்றித் தள்ளும் வள்ளம்தான் நுழையும். சின்னப் பாலங்கள் வரும்போது எல்லோரும் முதுகை வளைத்துக் குனிய வேண்டும், வள்ளக்காரரும் கழியைப் படுக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். மேலே உள்ள பின்னூட்டத்தில் ஒருவர், படகில் ஸ்பீக்கர் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம், நாலடி தள்ளி ஒரு வீட்டு வாசல் இருக்கிறது. ஏற்கெனவே அந்த மக்கள் படும் பாடு போதும்: 1980-களில் தென்மலையில் கல்லடையாற்றுக்கு அணை வந்தபிறகு, தீவை மேடாக்கிவந்த ஆற்று வண்டல் வரத்து குறைந்துபோனது, இப்போது ஓதம் (கடல் அலையேற்றம்) ஏறும்போது உப்புத்தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. முழங்கால் உயரத்துக்குக் காரை உதிர்ந்து செங்கல் தெரியும் சுவர்களை வள்ளத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வள்ளக்கூலியாவது அவர்கள் கைக்கு நேராகப் போகட்டும். அப்புறம், அங்கே போக வேனும் தேவையில்லை. கொல்லத்தில் ரயில் மாறினால் மன்றோ துருத்து ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம்.