ஒடித்த அன்றைக்கே

நேற்று பக்கத்துக் கடையில் தோலை முழுக்க உரித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்த ஸ்வீட்கார்ன் இரண்டு வாங்கி வந்தேன். வேகவைத்தால் துளி இனிப்பு இல்லை, மாவு மாவாக இருந்தது. மகள் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டாள். சோளக்கதிர் என்றால் இதுதான் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம். கரிசல் காடு முழுக்க மக்காச்சோளம்தான். புரட்டாசியில் விதைத்துத் தை வாக்கில் அறுப்பார்கள், பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். ஆனால் கோடை லீவுக்கு நாங்கள் வருவோம் என்றே, சித்தப்பா கிணற்றடியில் நாலு பாத்தி ஸ்வீட்கார்ன் போட்டு வைப்பார்.

கதிர் ஒடிக்க அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, எங்களை விடமாட்டார். நுனியில் தாடி பழுப்பேறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். அப்புறம் தோலைக் கொஞ்சம் விலக்கி, ஒரு மணியை நகத்தால் குத்துவார். வெள்ளையாகப் பால் பீச்சினால் ஒடிப்பார். தண்ணியாக வந்தால், "இன்னும் ரெண்டு நாள் போகட்டும் சாமி" என்று தோலை மூடிவிடுவார். அந்தத் தாடியில் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்குப் போகிறது, மகரந்தம் சேராத இழைக்கு மணி பிடிக்காது என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அப்படிப் பொக்கை விழுந்த கதிர், அந்த வருஷம் யாருக்குப் பல் விழுந்திருக்கிறதோ அவர்களுக்குத்தான்.

சோறு வடித்த அடுப்பின் தணலில் தோலோடு புதைப்பார். மேல்தோல் கருகும், உள்ளே கதிர் தன் ஈரத்திலேயே வெந்துவிடும். உரிக்கும்போது வரும் ஆவியின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. உப்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டியிருக்காது.

ஒடித்த நேரத்திலிருந்தே கதிரின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகம். அதனால்தான் சொல்கிறேன், உரித்ததை வாங்காதீர்கள். தோலும் காம்பும் பச்சையாக, ஈரமாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அன்றைக்கே கொதிக்கிற நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், போதும். குக்கரில் நாலு விசில் விடுவது பாவம். முற்றிவிட்டதா, சரி, பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைத்து, வெங்காயம் கலந்து அடை வார்த்துவிடுங்கள். அதுவும் அப்பாயி கைப்பக்குவம்தான்.

சித்தப்பா இந்த வருஷமும் இரண்டு பாத்தி போட்டிருக்கிறார். மே மாதம் மகளோடு போகிறேன். அப்பாயி இல்லை. மணியை நகத்தால் குத்திப் பார்க்க அவளுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும்.