கல்யாண வீட்டுக் குப்பையும் கிணற்றுத் தண்ணீரும்

நுகர்வு மோகம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, அது கொழும்பு போன்ற நகரங்களின் பிரச்சினை என்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டின் பின்வளவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. தண்ணீர்ப் போத்தல், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் எல்லாம் வேலியோரம் குவிந்து கிடக்கும். விடிந்ததும் கொளுத்திவிடுவார்கள். ரெஜிபோம் பெட்டிக்கும் லஞ்ச் சீற்றுக்கும் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது, ஆனாலும் புழக்கம் நிற்கவில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அந்தச் சாம்பலில் ஊறுவதும் அங்கேதானே போகும்?

அப்புறம் கடன். ஊர் பார்க்கவேண்டும் என்பதற்காக, பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் செய்கிற சாமத்தியச் சடங்குக்கு ஹோல், வீடியோ, அலங்காரம் என்று செலவழித்துவிட்டு, தாய்மார் நகையை அடைவு வைத்து வட்டி கட்டுகிறார்கள். இதையும் எழுதுங்கள். வாழையிலையில் பந்தி வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, அவர்களிடமும் போய்க் கேளுங்கள்.