டிஎன்ஏ பொருந்திவிட்டது, அப்புறம் என்ன விசாரணை?

ஒரு வழக்கில் டிஎன்ஏ பொருந்தியது என்று செய்தி வந்தால் போதும், 'இன்னும் எதற்கு விசாரணை, தூக்கில் போடுங்கள்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். டிஎன்ஏ சொல்வது 'இது யாருடைய செல்' என்பதை மட்டும்தான். அது அங்கே எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது.

2012இல் கலிபோர்னியாவில் ஒரு பணக்காரர் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர் நகத்தில் இருந்த டிஎன்ஏவை வைத்து, வீடில்லாத ஒருவரைக் கொலை வழக்கில் பிடித்தார்கள். அந்த மனிதரோ அன்றிரவு முழுக்கக் குடிபோதையில் மருத்துவமனையில் படுத்துக் கிடந்தவர். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அதே பணியாளர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள்; இவருடைய டிஎன்ஏ அவர்கள் வழியாகத்தான் அந்த நகத்துக்குப் போயிருக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவு இருந்ததால் தப்பித்தார், அதுவும் மாதக்கணக்கில் சிறையில் இருந்த பிறகு. அன்று அவர் தெருவோரம் தனியாகத் தூங்கியிருந்தால்?

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கூத்து. கொலை முதல் திருட்டு வரை பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ. வருடக்கணக்கில் தேடினார்கள். 2009இல் பார்த்தால், மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைக் கையாண்ட ஆலைத் தொழிலாளியுடையதாம் அது!

இதற்காக டிஎன்ஏவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1986இல் இங்கிலாந்தில் இந்தச் சோதனை முதலில் காப்பாற்றியது, செய்யாத கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையனை.

எனக்கு ஒப்பாதது, எடுத்த மாதிரியைத் திருப்பித் தராத பழக்கம். இங்கிலாந்தில் 11 வயதில் கைதாகி, குற்றமற்றவன் என்று விடுதலையான பிறகும் ஒரு சிறுவனின் டிஎன்ஏ விவரத்தை போலீஸ் அழிக்க மறுத்தது. அது தவறு என்று 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் உறவினர் சமாச்சாரம். கலிபோர்னியாவில் 13 கொலைகள் செய்தவன் 2018இல் சிக்கியது, வம்சாவளி தேடும் இணையதளத்தில் தூரத்துச் சொந்தங்கள் போட்டிருந்த டிஎன்ஏ விவரத்தால். அவன் பிடிபட்டதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாளைக்கு என் பெரியப்பா மகன் பூர்விகம் தெரிந்துகொள்ளும் ஆசையில் எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால், என்னிலும் ஒரு பங்கு அந்தக் குப்பியில் போகிறது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை.