லூர்து அற்புதங்கள்: ஒரு திருத்தம்

"லூர்து நகரில் யாராவது குணமாகிவிட்டேன் என்றால் போதும், திருச்சபை உடனே அற்புதம் என்று அறிவித்துவிடும், அந்த ஆசையில்தான் நோயாளிகள் போகிறார்கள்" என்கிறது பிரான்சிலுள்ள அந்த மாதா திருத்தலம் பற்றிய ஒரு பதிவு. இரண்டுமே தவறு.

1883 முதல் அங்கே, குணமானதாகச் சொல்பவர்களை ஆராயும் மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. இதுவரை 7,000-க்கும் மேற்பட்டோர் குணமடைந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். 2018-இல் அறிவிக்கப்பட்டது 70-ஆவது அற்புதம்தான். அதில் குணமான பிரெஞ்சு அருட்சகோதரி நலம் பெற்றதோ 2008-இல்! அற்புதம் என்று ஏற்க, நோய் இன்னதென்று முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். குணம் திடீரென்று, முழுமையாக, நிலையாக வந்திருக்க வேண்டும். சிகிச்சையின் பலன் என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. மருத்துவர்கள் "விளக்க இயலவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அற்புதம் என்று அறிவிப்பது குணமானவரின் மறைமாவட்ட ஆயர் (பிஷப்).

போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயுடனேயே திரும்புகிறார்கள், மறுபடியும் போகிறார்கள். ஏன் என்று கேட்டிருந்தால் அந்தப் பதிவை எழுதியவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். இரவுப் பவனியில், காகிதக் கூடு செருகிய மெழுகுவர்த்திகளுடன் பல மொழிகளில் செபமாலை சொல்லிக்கொண்டு கூட்டம் நகரும். சக்கர நாற்காலிகளைத் தள்ளுகிறவர்களில் பலர் சொந்தச் செலவில் வந்த தொண்டர்கள். வீட்டுக்குப் பாரமாகிவிட்டோமோ என்று குறுகிப்போயிருந்தவர்களுக்கு அங்கே முன்வரிசையில் இடம்.