பூதம் பூதமாகவே இருக்கட்டும்

ஒரு ஃபேன்டசி நாவலைப் பாராட்ட நம் ஆட்களுக்கு ஒரே வழிதான் தெரிகிறது. "இது வெறும் ஃபேன்டசி இல்லை" என்று ஆரம்பிப்பார்கள். டிராகன் என்பது அதிகாரத்தின் குறியீடு, சூனியக்காரி ஒடுக்கப்பட்ட பெண், மோதிரம் அணுகுண்டு என்று அடுக்கிவிட்டு, ஆகவே விவரம் தெரிந்தவர்களும் இதைப் படிக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்து முடிப்பார்கள். துப்பறியும் கதை என்றால் "கொலை ஒரு சாக்குதான், நாவல் உண்மையில் நகரத்தைப் பற்றியது". பேய்க்கதை என்றால் "பேய் என்பது குற்றவுணர்ச்சி". பல வருடங்களாக இந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாராட்டு எனக்கு வசவைவிட அதிக எரிச்சலைத் தருகிறது. திட்டுகிறவராவது புத்தகத்தில் ஒரு டிராகன் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறார்.

பிரிட்டிஷ் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோவையே எடுத்துக்கொள்வோம். 2015-ல் அவருடைய 'தி பரீட் ஜயன்ட்' வந்தது. ஆர்தர் மன்னர் காலம் முடிந்த பிரிட்டன். ஊரெல்லாம் ஒரு மூடுபனி. அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு நேற்று நடந்தது இன்று நினைவில்லை. வயதான கணவனும் மனைவியும், முகம்கூட ஞாபகமில்லாத மகனைத் தேடிக் கிளம்புகிறார்கள். அந்தச் சமயத்தில் கொடுத்த பேட்டி ஒன்றில் இஷிகுரோ, வாசகர்கள் இதை ஃபேன்டசி என்று சொல்லிவிடுவார்களோ என்று கவலைப்படுகிற மாதிரிப் பேசினார். ஃபேன்டசி எழுத்தாளர் அர்சுலா லெ குவினுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெயரை ஏதோ அவமானம் போல இவர் பார்க்கிறாரே என்று எழுதினார். இஷிகுரோ, தான் டிராகன்களின் பக்கம்தான் நிற்பதாகப் பதில் சொன்னார், லெ குவினும் பிறகு தணிந்து வருத்தம் தெரிவித்தார். இரண்டு பேரும் பெரியவர்கள், அந்தப் பஞ்சாயத்து அதோடு முடிந்தது.

எனக்கு முக்கியம் அந்த நாவலில் வரும் டிராகன்தான். மூடுபனிக்குக் காரணம் அதன் மூச்சு. கதை நெடுக அதைப் பற்றிப் பயத்தோடு பேசிக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் மலை உச்சியில் ஒரு பள்ளத்தில் அதைப் பார்க்கும்போது, எலும்பும் தோலுமாக, நிறம் போய், எழுந்திருக்கவே தெம்பில்லாமல் கிடக்கிறது. மூச்சு மட்டும் விடுகிறது. அதைக் கொன்றால் எல்லாருக்கும் நினைவு திரும்பும். கிழவனுக்கும் கிழவிக்கும் தங்கள் பழைய காயங்கள் திரும்பும். அந்த மண்ணில் போரிட்ட சாக்ஸன், பிரிட்டன் என்ற இரண்டு இனத்தாருக்கும் யார் யாரைக் கொன்றார்கள் என்பது திரும்பும். கொல்வதா வேண்டாமா? "மறதி ஒரு குறியீடு" என்று தள்ளி நின்று படிக்கிறவருக்கு இந்தக் கேள்வி கட்டுரைத் தலைப்பாகத்தான் தெரியும். அங்கே நிஜமாகவே ஒரு விலங்கு படுத்திருக்கிறது, அதன் கழுத்தில் ஒருவன் நிஜமாகவே வாளை வைக்கப்போகிறான் என்று நம்பிப் படிக்கிறவருக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

டால்கியனுக்கும் இதே தொல்லை இருந்தது. தீய சக்தி கொண்ட ஒரு மோதிரத்தை அழிக்கப் போகிறவர்களின் கதையான அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-லும் 55-லும் மூன்று பாகங்களாக வந்தது. உலகப் போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை என்பதால் மோதிரம்தான் அணுகுண்டு, கதையின் வில்லன் சவ்ரான்தான் ஹிட்லர் என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். தனக்கு உருவகக் கதைகளே பிடிக்காது என்றார். நிஜப் போரின் வழியில் கதை போயிருந்தால் மோதிரத்தை யாரும் அழித்திருக்க மாட்டார்கள், அதைப் பிடுங்கி எதிரிமேலேயே பயன்படுத்தியிருப்பார்கள், அவன் கோட்டையை இடிக்காமல் ஆக்கிரமித்திருப்பார்கள் என்றார். அந்த ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறீர்களா? இன்றைக்கும் யாராவது ஒருவர் அணுகுண்டோடு வந்து நிற்கிறார்.

மறுபக்கம் எட்மண்ட் வில்சன் போன்ற விமர்சகர்கள். 1956-ல் அவர் இந்த நாவலைச் சிறுபிள்ளைக் குப்பை என்றே எழுதினார். கடுமையான ஆள். ஆனால் பாருங்கள், அவர் முழு நாவலையும் கதையாகவே படித்துவிட்டுத்தான் திட்டுகிறார். அசுரர்கள் பயமுறுத்தவில்லை, வீரர்களுக்குச் சோதனை போதவில்லை என்பதெல்லாம் அவர் புகார். அதோடு சண்டை போடலாம், நான் போடுவேன். அணுகுண்டுக்காரரோடு சண்டை போட எனக்கு ஒன்றுமே இல்லை, அவர் வேறெதையோ பேசுகிறார்.

டால்கியனின் கடிதங்களில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1944-ல், விமானப்படை வேலையாகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகனுக்கு எழுதுகிறார். கதையின் ஆட்கள் பிரிந்து வெவ்வேறு திசைகளில் போய்க்கொண்டிருக்கும் கட்டம். திடீரென்று அவருக்கு உறைக்கிறது, நிலா தப்பாக இருக்கிறது. நாட்டின் ஒரு மூலையில் உதிக்கும்போதே இன்னொரு மூலையில் மறைந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான், அத்தியாயங்களைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு திருத்தி எழுதினார். நிலா சரியாக இருக்கிறதா என்று யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் இவன் பார்க்கிற நிலாவையே அங்கே அவனும் பார்க்கிறான் என்றால்தான் அது ஒரே உலகம். ஃபேன்டசி எழுத்தாளரின் வேலை எங்கே நடக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன்.

சரி, அப்படியென்றால் இந்தக் கதைகளில் அரசியலே இல்லையா, எல்லாம் பொழுதுபோக்கா என்று கேட்பீர்கள். இங்கேதான் அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரைக் கூப்பிட வேண்டும். அவருடைய 'கிண்ட்ரெட்' 1979-ல் வந்தது. 1976-ல் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், திடீர் திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். அடிமைகளை வைத்து வேலை வாங்கும் பண்ணை. எப்படிப் போகிறாள், எந்த இயந்திரம் என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. ஆனால் அதற்கென்று ஒரு விதிமுறை உண்டு. அந்தப் பண்ணை முதலாளியின் மகன் ரூஃபஸ் உயிருக்கு ஆபத்து வந்தால் இவள் அங்கே இழுக்கப்படுவாள். தன் உயிர் போகப்போகிறது என்று இவள் நிஜமாகவே நம்பினால்தான் வீட்டுக்குத் திரும்ப முடியும்.

இந்த விதி என்ன செய்கிறது பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு துப்பாக்கி நீட்டப்பட்டதும் பயந்து வீடு திரும்பிவிடுகிறாள். போகப் போக, எந்த அடி கொல்லும், எந்த அடி கொல்லாது என்று அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. ஓடிப்போய்ப் பிடிபட்டுச் சவுக்கடி வாங்கும்போது வீடு திரும்பவில்லை. ஏனென்றால் இது சாவு இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டாள், அந்தப் பழக்கமே வீட்டுக்குப் போகிற கதவைச் சாத்துகிறது. அடிமை முறை மனிதரை என்ன செய்யும் என்று ஆயிரம் பக்கம் வரலாறு படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் இந்த ஒன்றை இவ்வளவு நேராகச் சொல்ல அந்த மாய விதி இல்லாமல் முடியாது. அரசியல் அங்கேயேதான் இருக்கிறது. மாயத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே தேடினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பட்லர் இந்த நாவலை ஃபேன்டசி என்றே சொன்னார். கொடூரமான ஃபேன்டசி, ஆனால் ஃபேன்டசிதான்.

கதையை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் உருவிக்கொள்வது ஃபேன்டசி எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் பூட்ஸ் கணக்குக்கும் நடந்தது. 1993-ல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் காவல் தலைவர் வைம்ஸ் யோசிக்கிறார்: நல்ல பூட்ஸ் ஐம்பது டாலர், பல வருடம் உழைக்கும், பத்து டாலர் பூட்ஸ் ஒன்றிரண்டு பருவத்தில் ஒழுக ஆரம்பிக்கும், ஆக ஏழைதான் பூட்ஸுக்கு அதிகம் செலவழிக்கிறான், அப்படியும் கால் நனைகிறது. பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் பொருள்களின் விலையேற்றத்தைக் கணக்கெடுக்க 2022-ல் ஒரு குறியீட்டெண் திட்டமிட்டு, அதற்கு வைம்ஸ் பெயரையே வைத்தார்கள். சந்தோஷம். ஆனால் பொருளாதாரம் பேசுகிறவர்கள் தாண்டிப் போய்விடும் ஒரு வரி அதே பத்தியில் இருக்கிறது. வைம்ஸுடைய பூட்ஸின் அடிப்பாகம் தேய்ந்து தேய்ந்து, மூடுபனி இரவிலும் காலில் படும் கல்லை வைத்தே நகரத்தில் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று அவரால் சொல்ல முடியும். அந்த ஆளும் அந்த ஊரும் எனக்குப் பிடித்துப்போனது அந்த வரியில்தான்.

நம் பக்கம் வருவோம். விக்கிரமாதித்தன் கதை. பெரிய எழுத்துப் புத்தகத்திலோ அம்புலிமாமாவிலோ படிக்காதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. வேதாளம் போடும் நிபந்தனையைப் பாருங்கள்: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இதைவிடக் கச்சிதமான பொறி எந்த நாவலில் இருக்கிறது? அதையும் தாண்டி எனக்குப் பிடித்தது காடாறு மாதம் நாடாறு மாதம். விக்கிரமாதித்தன் சிங்காசனத்தில் ஆயிரம் ஆண்டு இருந்து ஆளலாம் என்று இந்திரன் வரம் கொடுத்துவிடுகிறான். தம்பி பட்டி தன் பங்குக்குக் காளியிடம் போய் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிடுகிறான். அண்ணன் போன பிறகு ஆயிரம் ஆண்டு தனியாக என்ன செய்வது? பட்டி கணக்குப் போடுகிறான். ஆறு மாதம் சிங்காசனம், ஆறு மாதம் காடு. காட்டில் இருக்கும் நாள்கள் ஆட்சிக் கணக்கில் சேராதே! ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிட்டது. வரத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து தேவேந்திரனையே மடக்கிவிட்டான். இதைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் வேதாளம் எதன் குறியீடு என்று கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

இப்படிப்பட்ட சொத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? ஒரு தமிழ் அமானுஷ்யக் கதையை எடுங்கள். பாழடைந்த பங்களா, நள்ளிரவுச் சலங்கை, ஊர்ப் பெரியவரின் எச்சரிக்கை எல்லாம் ஜோராக வரும். கடைசி அத்தியாயத்தில் ஒரு டாக்டர் வருவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதெல்லாம் மனப்பிளவு நோய், சின்ன வயதில் இவர் மனதில் பதிந்த ஒரு சம்பவம் என்று இரண்டு பக்கம் விளக்குவார். டாக்டர் கிடைக்காவிட்டால் நிலத்தை அபகரிக்கப் பார்க்கும் சித்தப்பா. மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் முந்நூறு பக்கம் பயந்தவனிடம் "பயந்தது தப்பு" என்று சொல்கிற கதை அது. கதையில் பேயை நம்புகிறவன் புத்தகத்தை மூடியதும் மந்திரவாதியிடம் போய் நிற்கப்போவதில்லை. வாசகன் அவ்வளவு முட்டாள் இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கூட்டமும் இருக்கிறது, அவர்களையும் விட்டுவைக்க முடியாது. அவர்களுக்கு விதி மட்டுமே போதும். மந்திரத்தால் கதையின் சிக்கலைத் தீர்ப்பதென்றால் அந்த மந்திரம் வாசகனுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும் என்று ஃபேன்டசி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் ஒரு விதி சொன்னார், நல்ல விதிதான். அதைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வகை மந்திரம், எதற்கு எது எதிர், யாருக்கு எந்த நிலை என்று ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் படிக்கிற மாதிரி நூறு பக்கம் பாடம் நடத்துகிறார்கள் சிலர். லெ குவின் 1968-ல் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் இதை ஒரே வரியில் முடித்தார். ஒரு தீவில் மந்திரம் போட்டு மழை பெய்வித்தால் இன்னொரு தீவு வறண்டுபோகலாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் யாராவது மந்திரம் சொல்ல வாயைத் திறந்தாலே எங்கே என்ன கெடப்போகிறதோ என்று நமக்குப் பதறும்.

டாக்டர் வராத, பாடம் நடத்தாத தமிழ் ஃபேன்டசி நாவல் ஏதாவது படித்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். பேய் நிஜப் பேயாக இருக்க வேண்டும், அதற்கு ஒரு சட்டதிட்டம் இருக்க வேண்டும், கடைசிப் பக்கம் வரை அதை யாரும் மன்னிப்புக் கேட்க வைக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன். பிடிக்காவிட்டால் அதையும் விலாவாரியாக எழுதுவேன், எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.