சொதியைப் பாட்டிலில் சீல் வைக்காதீர்கள்

"கொதிக்கும் சொதியை (தேங்காய்ப்பால் குழம்பு) பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றி, மூடிக் கவிழ்த்து வையுங்கள், ஃபிரிட்ஜ் இல்லாமலே 6 மாதம் கெடாது" என்று திருநெல்வேலிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

ஆறும்போது மூடி உள்வாங்கி இறுகும், சரி. ஆபத்தே அங்குதான். காற்றில்லாத, புளிப்புக் குறைந்த ஈரத்தில்தான் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதலைத் தரும் கிருமி விஷத்தை உண்டாக்கும். அதன் வித்துகள் (கிருமியின் உறங்கும் வடிவம்) 100 டிகிரி கொதியைத் தாங்கும். அழிக்க அழுத்தத்தில் 121 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். விஷம் இருந்தாலும் வாசனையோ ருசியோ மாறாமல் இருக்கலாம். எலுமிச்சை பிழிகிறோமே என்றால், அந்தப் புளிப்பை நம்பிவிட முடியாது.

ஆச்சி ஜாடியில் போட்ட மாங்காய் ஊறுகாய் வேறு. அதைக் காப்பது உப்பும் புளிப்பும்தான், மூடி அல்ல.

மிஞ்சிய சொதியை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.