பூஜ்ஜியம் வரை வற்றவிடச் சொல்லாதீர்கள்

சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் நடந்ததை அங்கிருந்த நண்பர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அறுபது மாணவர்களுக்கு முன்னால், மடிக்கணினியின் பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னதும், நான் எழுந்து அது தவறு என்றதும், "மேடம், உங்கள் துறை கணக்கு, இதை எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்று அவர் சொல்ல அரங்கம் சிரித்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு என்னைத் தைத்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த அறுபது பேரும் அன்றிரவே அவர் சொன்னபடி செய்யத் தொடங்கியிருப்பார்களே என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

அந்த அறிவுரை நிக்கல்-காட்மியம் என்ற பழைய வகை பேட்டரிகளின் காலத்தைச் சேர்ந்தது. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உருவாக்கத்துக்காக 2019-இல் மூன்று அறிவியலாளர்களுக்கு வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று நம் மடிக்கணினிகளில் இருப்பது இந்த வகைதான். இதை வற்றவிடக் கூடாது. 20 சதவீதத்துக்கு இறங்கும்போதே சார்ஜரைச் செருகிவிட வேண்டும்.

என் அக்கா மகளின் மடிக்கணினி சீட்டுப் பணத்தில் வாங்கியது. கடைக்காரர் ஒருவர் இதே அறிவுரையைச் சொல்ல, அவளும் தினமும் அணையும் வரை ஓட்டினாள். கோடை விடுமுறைக்கு முன் அப்படியே அணைந்த நிலையில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரியில் மின்சாரம் மெல்லக் கசியும். பாதுகாப்பான அளவுக்குக் கீழே போய்விட்டால், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மறுபடி சார்ஜ் ஏற விடாது. இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது பேட்டரி உயிர்பெறவே இல்லை. "சித்தி, அவர் சொன்னபடிதானே செய்தேன்" என்று அவள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாதி அளவு சார்ஜில் வைத்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

எப்போதாவது ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றினால் திரையில் காட்டும் சதவீதக் கணக்கு சரியாகும் என்பீர்கள். சரி, சில மாதங்களுக்கு ஒருமுறை செய்யுங்கள், தினமும் செய்யாதீர்கள்.

"அப்படியானால் எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருக்கலாமே, நூறு வந்தால் தானே நின்றுவிடும்" என்று இன்னொரு நண்பர் கேட்டார். நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பேட்டரிக்குள் முழுதாக நிரம்பிய ஒவ்வொரு கலத்திலும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட் இருக்கும். அந்த உயரத்திலேயே நாள்கணக்கில் நிற்கும்போது மின்முனைகளுக்கு நடுவே இருக்கும் மின்பகுபொருள் என்ற வேதிப்பொருள் சிறிதுசிறிதாகச் சிதைந்து மின்முனைகளில் படிகிறது, கொள்ளளவு குறைகிறது. வெப்பம் இதை வேகப்படுத்துகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில், மெத்தையின் மேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்தபடி, சார்ஜரும் செருகியபடி படம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. மேசையில் வேலை செய்பவர்கள் 80 சதவீதத்திலோ அதற்குக் கீழேயோ சார்ஜை நிறுத்தும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். லெனோவோவில் அது 'கன்சர்வேஷன் மோட்', ஆசுஸில் 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்' அல்லது 'பேட்டரி கேர் மோட்'. பயணம் போகும் நாளில் மட்டும் நூறு வரை ஏற்றினால் போதும்.

"போனால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கு இவ்வளவு நீளப் பதிவா?" என்று கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். உங்களால் மாற்ற முடியும். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை அதற்காக எடுத்துவைக்க வேண்டிய வீட்டில், மாற்றுவதற்குள் ஒரு பருவத் தேர்வே கடந்துபோய்விடும். என் அக்கா மகள் மூன்று மாதம் மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டுமே படித்தாள். விலை குறைந்த போலியை வாங்கிப் பொருத்தியவர்களின் வீட்டில் பேட்டரி உப்பி விசைப்பலகையைத் தூக்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். உப்பினால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கணக்குத் துறைக்காரி பேட்டரியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? பயிற்றுநர் மீது கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன்; அது பொய்யாகிவிடும். மேடையில் நின்று சொல்பவர் தவறாகச் சொன்னால், இழப்பு கேட்டவர்களுக்குத்தான். அந்த அறுபது பேரில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இன்றிரவு பேட்டரி வற்றும் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.